விளையாட்டுக் களத்தில் நிழற்படக் கருவி

ஓடுகின்றவன் ஒரு கணமேனும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நிழற்படமோ நிற்பதொன்றையே காட்டவல்லது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள முரண்பாட்டைத் தீர்ப்பதே விளையாட்டுப் படம் எடுப்போனின் முழுவேலையும் எனலாம். இம்முரண்பாடு தீராது நின்ற இடங்களைக் கல்லூரி மலர்களைப் புரட்டுவோர் எளிதிற் காண்பர். வரிசையாக அமர்ந்தும் நின்றும் எடுத்த குழுப்படங்களில் ஒவ்வொரு முகமும் துலங்கும். அதே மாணவர் களத்தில் ஓடியபோதோ பாய்ந்தபோதோ எடுத்த படத்தில் வெள்ளைச் சட்டையொன்று கலங்கித் தோன்றும்; சட்டைக்கு மேலே முகம் இருக்கவேண்டிய இடத்திற் கருமை இருக்கும்; பின்னாலுள்ள கொட்டகை மட்டும் ஓலைக் கீற்றை எண்ணத்தக்க தெளிவோடு விளங்கும். படத்தின் கீழே பெயர் அச்சிடப்படாவிடின், ஐந்தாண்டின் பின் அவன் யாரென்று அவனைப் பெற்றவளாலும் சொல்ல இயலாது.

இங்கே பிழை ஒன்றன்று, மூன்று. சட்டை கலங்கியது மூடியின் வேகத்தாலும், முகம் கறுத்தது ஒளியளவாலும், ஓடுவோனை விட்டுக் கொட்டகை தெளிந்தது குவியத்தாலும் நேர்ந்தவை. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவையே. எனினும் மூன்றையும் ஒரே வேளையில் எண்ணப் புகுவோன் ஒன்றையும் திருந்தச் செய்யான். விளையாட்டைப் பொறுத்தவரை முதலில் தீர்மானிக்கவேண்டியது மூடியின் வேகம். ஏனையவை அதற்கு ஏவல் செய்வன.

கமராவினுள் ஒளியை ஒரு வரையறுத்த நேரத்திற்கு மாத்திரம் புகவிடும் உறுப்பைச் சட்டர் என்பர். மூடி என்று சொல்லுதலும் பொருந்தும். ஆதியில் இவ்வுறுப்புத் தேவைப்படவே இல்லை. படமெடுப்போன் வில்லையின் உறையைக் கையாற் கழற்றி, எண்ணிக்கை சொல்லி, மீண்டும் பொருத்துவான். எதிரே இருப்பவர் சிலைபோல் இருத்தல் வேண்டும். இயங்கும் உயிரைப் படத்தில் நிறுத்தலாம் என்பதை உலகம் நம்பியது 1878ஆம் ஆண்டிலேயாகும். கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்ற்றோவில், லீலண்ட் ஸ்ரான்போர்ட் என்னும் செல்வரின் பண்ணையில், எட்வேட் மைபிரிட்ஜ் என்பார் பன்னிரண்டு கமராக்களை ஓட்டப் பாதையருகே வரிசையாக நிறுத்தினார். பாதைக்குக் குறுக்கே கட்டிய நூல்கள் பாய்ந்து செல்லும் குதிரையின் காலில் அகப்பட்டு அறுந்தபோது மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. குதிரையின் நான்கு காலும் ஒருங்கே நிலத்தை விட்டு நீங்கும் கணம் ஒன்று உண்டு என்பது அதனால் ஐயந்திரிபறத் தெளிவாயிற்று. ஆனால் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னுமாக நீட்டி ஓவியர் வரைந்துவந்த கணம் அதுவன்று. கால்கள் வயிற்றின் கீழே மடங்கிச் சேர்ந்த கணமே அது. கண் பலநூற்றாண்டு பார்த்தும் அறியாததை ஒரு மூடி அறிந்து சொன்னது.

இனி, எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் இலங்கையின் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 செக்கனில் முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். தடைகளைத் தாண்டிக்கொண்டே செக்கனுக்குச் சராசரி 7.7 மீற்றர் சென்றார் என்பது இதன் பொருள். தடையில்லாக் குறுந்தூர ஓட்டத்தில் வேகம் இன்னும் மிகும். கணக்கின் எளிமைக்காகச் செக்கனுக்கு 10 மீற்றர் எனக் கொண்டால், மூடி 1/60 செக்கன் திறந்திருக்கும்போது ஓடுவோன் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவான். 1/250 செக்கனில் 4 சென்ரிமீற்றர். 1/1000 செக்கனில் ஒரு சென்ரிமீற்றர்.

ஒரு சென்ரிமீற்றர்தானே என்று அமைதல் ஆகாது. 200 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையால் 20 மீற்றருக்கு அப்பாலுள்ளவனைப் படமெடுத்தால், உருவம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கி, 36 மில்லிமீற்றர் அகலமுள்ள உணரியில் விழும். அவன் குறுக்காக ஓடிய ஒரு சென்ரிமீற்றர் அங்கே 0.1 மில்லிமீற்றர் கலங்கலாகும். அப்படத்தை 18 சென்ரிமீற்றர் அகலத்தில் மலரின் பக்கத்திற்குப் பெருக்கி அச்சிடும்போது கலங்கல் அரை மில்லிமீற்றர் ஆகிவிடும். அதே பக்கத்தில் அவன் கண்ணின் அகலம் ஒன்றரை மில்லிமீற்றர் மாத்திரமே. கண்ணின் மூன்றில் ஒரு பங்கு கலங்கியபின் முகத்தில் எதைக் காண்பது?

இதற்கு இரு வழிகள் உள. முதலாவது, நிற்குமிடத்தை மாற்றுதல். நேரெதிரே வருவோனின் உருவம் உணரியிற் பக்கவாட்டாக நகராது. சிறிது சிறிதாகப் பெருகவே செய்யும். ஆதலின் முடிவுக் கோட்டிற்குப் பக்கத்தில் நிற்பதை விடுத்து, கோட்டிற்கு அப்பால் ஓட்டப் பாதையை நோக்கி நிற்பவனுக்கு 1/500 செக்கனே பெரும்பாலும் போதுமானது. முகமும் அவனுக்கே தெரியும். இரண்டாவது, ஓடுவோனுடன் கமராவையும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டு செல்லுதல். அப்போது உடல் உணரியில் அசையாது நிற்க, பின்புலமே இழைந்தோடும். துவிச்சக்கர வண்டிப் போட்டிகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. 1/60 செக்கனிலும் ஓட்டுநன் தெளிவாகவும், வேலியும் மரமும் கோடு கோடாகவும் அமையும். பத்துப் படத்தில் ஒன்பது பழுதாகும் என்பதை எதிர்பார்த்தே இதில் இறங்குதல் வேண்டும்.

உடலை நிறுத்தினாலும் கைகால்கள் நிற்பதில்லை. சில்லு ஒன்று உருளும்போது நிலத்தைத் தொடும் புள்ளி கணநேரம் அசைவற்றிருக்க, உச்சியிலுள்ள புள்ளி வண்டியின் வேகத்தைப்போல் இருமடங்கு விரைகின்றது. ஓடுவோன் கால்களும் அத்தகையனவே. ஊன்றிய பாதம் நிற்கின்றது. வீசி முன்வரும் பாதம் உடலைக் காட்டிலும் மிக விரைவாகச் செல்கின்றது. ஒரே படத்தில் ஒரு பாதம் தெளிந்தும் மற்றையது கலங்கியும் இருப்பதைக் குறையெனக் கொள்ளத் தேவையில்லை. முகம் தெளிந்து பாதம் சிறிது கலங்கிய படம், யாவும் தெளிந்த படத்தினும் ஓட்டத்தை நன்கு உணர்த்தும். துடுப்பாட்டப் பந்தின் செய்தி வேறு. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து 1/1000 செக்கனில் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நகரும். அது தன் விட்டத்திற் பாதிக்குமேல். பந்து உருண்டையாகத் தோன்றவேண்டுமெனின் 1/2000 செக்கனோ அதனினும் குறைந்த நேரமோ வேண்டும்.

பாய்தல் நிகழ்ச்சிகளில் இயற்கையே படமெடுப்போனுக்குத் துணை நிற்கின்றது. மேலெழுந்த பொருள் உச்சியை அடையும்போது அதன் நிலைக்குத்து வேகம் சுழியமாகின்றது. பாய்ச்சலின் உயரத்தில் மேற்காற்பங்கைக் கடக்கவே பாய்வோன் வானில் இருக்கும் நேரத்திற் பாதி செலவாகின்றது என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் கணக்கிட்டுக் காணலாம். 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்தவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். அத்தகைய பாய்ச்சலிலும் உச்சிக்குக் கீழே 5 சென்ரிமீற்றர் எல்லைக்குள் உடலின் ஈர்ப்புமையம் ஏறத்தாழ 0.2 செக்கன் தங்கும். ஆகவே உயரம் பாய்தலையும் கோலூன்றிப் பாய்தலையும் சாதாரணக் கமராவாலும் நன்றாக எடுக்கலாம். எங்கே நிற்பது என்பதே கேள்வி. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி முதுகு கீழாகப் பாய்ந்து வென்றபின் அம்முறை எங்கும் பரவியது. முன்னைய முறையிற் பாய்வோன் முகம் கோலை நோக்கியிருந்தது. இப்போது தலை முன்னே சென்று முகம் வானை நோக்குகின்றது. மெத்தைக்கு அப்பால் நிற்பவனுக்கே அம்முகம் கிட்டும்.

மூடியின் வேகம் தீர்மானிக்கப்பட்டபின், அதற்கு வேண்டிய ஒளியைத் தேடவேண்டும். மூடி விரைந்து மூடினால் உட்புகும் ஒளி குறையும். குறைந்ததை ஈடுசெய்ய இருவழிகளே உண்டு: வில்லையின் துவாரத்தை அகலமாக்குதல், உணரியின் உணர்திறனை, அஃதாவது ஐ.எஸ்.ஓ. எண்ணை, உயர்த்துதல். படச்சுருட் காலத்திலிருந்து வழங்கிவரும் விதியொன்று இங்கே பெரிதும் உதவும். முகிலில்லா வெயிலில் துவாரம் எஃப் 16 ஆகவும், ஐ.எஸ்.ஓ. 100 ஆகவும் இருந்தால் மூடி 1/100 செக்கன் திறந்திருத்தல் வேண்டும். இதிலிருந்து ஏனையவற்றைப் பெறலாம். எஃப் 16இலிருந்து 11, 8, 5.6 என மூன்று படி அகலமாக்கினால் ஒளி எட்டு மடங்காகும். மூடி 1/800 செக்கனாகலாம். உணர்திறனை 400 ஆக்கினால் அதுவே 1/3200 ஆகும். வெயிற்பொழுதில் ஒளிப்பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெயில் எறிக்கும் மைதானத்தில் 1/60 செக்கனில் எடுத்துக் கலங்கவிடுவதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

வெயிலின் இடர் ஒளிக்குறைவன்று, ஒளியின் ஏற்றத்தாழ்வு. கமராவிலுள்ள ஒளிமானி தான் காணும் யாவும் நடுத்தரச் சாம்பல் நிறமெனவே எண்ணிக்கொள்ளும் இயல்பினது. வெள்ளுடை அணிந்த துடுப்பாட்ட வீரன் படம் முழுவதையும் நிறைத்து நின்றால், ஒளி மிகுந்துவிட்டதெனக் கருதி அது படத்தை இருளச் செய்யும். சட்டை சாம்பலாகும், முகம் கறுத்துப்போகும். அவனே கருநிழல் படிந்த மரச்சோலையின் முன்னே சிறிதாக நின்றால், ஒளி போதாதெனக் கருதி வெளிறச் செய்யும். ஒரே வெயிலில், ஒரே மனிதன், ஒரே நிமிடத்தில் இருவேறு நிறத்தினனாகத் தோன்றுவது இதனாலேயாகும்.

இலங்கைக் களங்களில் இக்குறை பெரிதாகத் தாக்குவதற்குக் காரணம் உண்டு. வெள்ளைத் துணி எறிக்கும் ஒளி, கறுத்த மேனி எறிக்கும் ஒளியைப்போல் எட்டு மடங்கு ஆதலும் கூடும். தொப்பியின் விளிம்பு முகத்தில் வீழ்த்தும் நிழல் வேறு. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையளவில் இருத்தலின், சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நிற்கின்றது. இல்ல விளையாட்டுப் போட்டிகளை அண்டிய மாசி மாதத்தின் நண்பகலிலும் அது அடிவானிலிருந்து 65 பாகைக்கு மேலேயே உள்ளது. புருவத்தின் நிழல் கண்ணை மறைக்க அதுவே போதும். நிறப்படச் சுருள்களை உருவாக்கிய மேனாட்டாரும் இம்மேனியை நினைத்துத் தம் பொருளை அமைத்தாரல்லர். படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கொடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு வழங்கிய ஷேர்லி அட்டைகளில் நெடுங்காலம் வெண்ணிற மேனியுடைய பெண்ணின் படமே இருந்தது. ஒளிமானியின் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும் கமராக்காரன் இக்களத்தின் மாணவனுக்கு அநீதி செய்தவனாவான். வென்றவன் முகம் கரும்பூச்சாக அச்சேறுவதை வெறும் தொழில்நுட்பக் குறையென்று தள்ளிவிடுதல் தகாது. அம்முகத்தை அறியத் தருவதற்காகவே படம் எடுக்கப்பட்டது.

ஆகவே ஒளிநிலை மாறாத வெயிலில் தன்னியக்கத்தை நிறுத்தி, வேகத்தையும் துவாரத்தையும் உணர்திறனையும் கையால் அமைத்தலே நலம். போட்டி தொடங்குமுன் ஒரு மாணவனை வெயிலில் நிறுத்தி, முகம் துலங்கும்வரை சோதித்து, அவ்வளவையே வைத்துக்கொள்ளலாம். பின்னர் வெள்ளை வந்தாலும் கருமை வந்தாலும் படம் மாறாது. முகத்திற்காக ஒளியைக் கூட்டும்போது சட்டையின் மடிப்புக்கள் வெளிறி மறைந்துபோகாத எல்லையில் நிறுத்துதல் வேண்டும். எண்ணியல் உணரியில் வெளிறி அழிந்த இடம் மீண்டும் வாராது. இருண்ட இடத்தையோ ஓரளவு பின்னர் துலக்கலாம். எதிருருப் படச்சுருளைக் கையாண்ட பழைய தலைமுறையினர்க்கு இது நேர்மாறாகத் தோன்றும். இருளில் ஒன்றும் பதியாமற் போவதே அவர்களது அச்சமாக இருந்தது. முகில்கள் சூரியனை மறைப்பதும் விடுவதுமாக இருக்கும் நாளில், வேகத்தையும் துவாரத்தையும் கையால் அமைத்து உணர்திறனை மட்டும் கருவியிடம் விட்டுவிடலாம். தரையையும் கவனித்தல் நன்று. வெண்மணற் பாங்கான தரை ஒளியைக் கீழிருந்து மேலெறிந்து தொப்பி நிழலைச் சிறிது நீக்கும். புற்றரை அவ்வுதவியைச் செய்யாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் பிற்பகல் நான்கு மணிக்குப் பின்னும் பக்கவாட்டாக வரும் வெயிலே யாவற்றிலும் சிறந்தது. இறுதிப் போட்டிகளைப் பிற்பகலில் வைக்கும் வழக்கம் இவ்வகையில் நல்லூழ் எனலாம்.

குவியத்திற்கு வருவோம். வில்லை ஒரு குறித்த தூரத்திலுள்ளதையே மிகத் தெளிவாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னுமாகச் சிறிது தூரம் ஏற்கத்தக்க தெளிவுடன் அமையும். இதனைத் தெளிவாழம் எனலாம். முற்கூறிய 200 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 2.8 துவாரத்துடன் 20 மீற்றருக்குக் குவியப்படுத்தினால் தெளிவாழம் ஏறத்தாழ 1.7 மீற்றர். எஃப் 5.6 ஆக்கினால் அதன் இருமடங்கு. அகன்ற துவாரம் பின்னுள்ள கொட்டகையை மங்கச் செய்து வீரனைத் தனித்துக் காட்டுமாயினும், செக்கனுக்கு 10 மீற்றர் விரைவோன் 1.7 மீற்றரை 0.17 செக்கனிற் கடந்துவிடுவான். தேர்ந்த கையுடையோன் எஃப் 2.8ஐ நாடுக, பழகுவோனுக்கு எஃப் 5.6 பாதுகாப்பானது.

வீரன் வந்தேயாகவேண்டிய இடம் முன்னமே தெரிந்திருந்தால், அவ்விடத்திற் குவியத்தை நிலைநிறுத்தி அவன் வரவுக்காகக் காத்திருத்தலே பழையதும் நம்பத்தக்கதுமான முறை. உயரம் பாய்தலின் கோல், நீளம் பாய்தலின் மிதிபலகை, முடிவுக் கோடு, மட்டைக்கோடு ஆகியன அத்தகைய இடங்கள். உதைபந்தாட்டத்தில் அது இயலாது; பந்து எங்கே செல்லும் என்பதை ஆடுவோரே அறியார். அங்கே தன்னியக்கக் குவியம் வேண்டும். 1985இல் வந்த மினோல்ற்றா 7000 கமரா இவ்வசதியைப் பரவலாக்கியது. இக்காலக் கமராக்களில் இது இருவகைப்படும். ஒருமுறை குவியப்படுத்தி அங்கேயே நின்றுவிடுவது ஒன்று. அசையும் உருவை இடையறாது தொடர்ந்து, அடுத்து அது எங்கிருக்கும் என்பதையும் கணித்துக்கொள்வது மற்றொன்று. விளையாட்டிற்குப் பின்னையதே உரியது. முன்னையதில் விட்டுவைத்து, கருவியைக் குறைகூறுவோர் பலர். குவியப் புள்ளிகள் யாவற்றையும் திறந்துவிடின் கமரா மிக அண்மையிலுள்ள பொருளைப் பற்றிக்கொள்ளும். அது கோல் வலையாகவோ நடுவரின் முதுகாகவோ இருக்கலாம். நடுவேயுள்ள ஒரு சிறு தொகுதியை மாத்திரம் தெரிந்து, அதனை வீரனின் மார்பில் வைத்துத் தொடர்தல் எளிது. உருவம் தேடுபரப்புக்குள் வந்தபின் குவியப்படுத்தத் தொடங்குவோன் பிந்திவிடுவான்; ஒரு செக்கனுக்கு முன்னரே தொடரத் தொடங்கவேண்டும்.

கண் கண்டதை விரல் செய்து முடிக்க ஏறத்தாழ 0.2 செக்கன் ஆகும். அதற்குள் ஓடுவோன் 2 மீற்றர் போய்விடுவான். ஆகவே நிகழ்ந்ததைக் கண்டு அழுத்துவோனுக்கு நிகழ்ந்தது கிடையாது; நிகழப்போவதை அறிந்து அழுத்துவோனுக்கே கிட்டும். செக்கனுக்குப் பத்து இருபது படம் எடுக்கும் கமராக்கள் வந்தபின்னரும் இவ்வுண்மை முற்றாக மாறவில்லை. செக்கனுக்குப் பத்துப் படமாயினும் இரு படங்களுக்கிடையே துடுப்புப் பந்தைத் தொட்டு நீங்கிவிடும். 1960ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் பிறிஸ்பேன் நகரில் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய துடுப்பாட்டப் போட்டி சமநிலையில் முடிந்தது. ஜோ சொலமன் எறிந்த பந்து விக்கெற்றைத் தகர்க்க இயன் மெக்கிவ் ஆட்டமிழந்த அக்கணத்தைப் படமாக்கியவர் மெல்பேண் நாளிதழொன்றின் கமராக்காரரான றொன் லொவிற். அப்போது அவரிடம் ஒரேயொரு தட்டே எஞ்சியிருந்தது எனக் கூறுவர். விக்கெற்றை நோக்கி முன்னமே குவியப்படுத்திக் காத்திருந்தவனுக்கே அவ்வாறான படம் வாய்க்கும். விளையாட்டின் விதியும் போக்கும் அறியாதவன் எவ்வளவு விலையுயர்ந்த கருவியை ஏந்தினும் பயனில்லை. களத்தில் ஆடிப் பழகிய மாணவனே கல்லூரி மலருக்கு ஏற்ற கமராக்காரன் என்பதும் இதனாற் பெறப்படும்.

அந்திப்பொழுதில் நிலைமை தலைகீழாகும். மின்னொளிக் களங்களில் ஒளி நண்பகலினும் ஏறத்தாழ அறுபது மடங்கு குறைதல் வழக்கம். எஃப் 2.8 துவாரத்துடன் 1/1000 செக்கனைப் பெற உணர்திறன் 1600 வரையும், எஃப் 5.6 ஆயின் 6400 வரையும் வேண்டும். உணர்திறன் உயர்ந்தாற் படத்திற் பொடிமணிபோன்ற புள்ளிகள் தோன்றும். அதற்கு அஞ்சி வேகத்தைக் குறைப்போர் உளர். அது தவறான சிக்கனம். புள்ளிகளுக்கிடையே முகத்தை அடையாளம் காணலாம். கலங்கிய முகத்தை எவ்வாற்றானும் காண இயலாது. பூப்பந்தாட்டம் நிகழும் உள்ளரங்குகளில் இன்னுமோர் இடர் உண்டு. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை மாறுவதால், குழல் விளக்குக்களும் தரங்குறைந்த எல்.இ.டி. விளக்குக்களும் செக்கனுக்கு 100 முறை மினுங்கும். கண் அதனை உணராது. 1/1000 செக்கனில் எடுத்த படங்களோ ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருண்டும் வரும். சில கமராக்களில் மினுக்கத்தின் உச்சியைப் பார்த்து மூடியைத் திறக்கும் ஏற்பாடு உண்டு. அஃதில்லாதவர் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுத்து நல்லதைத் தெரிந்துகொள்வர்.

மாணவர் கையிலுள்ள கைத்தொலைபேசிக் கமராவுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். அதன் வில்லை மிகச் சிறிதாதலின் தெளிவாழம் தானாகவே பெரிது. குவியக் கவலை குறைவு. ஆயின் துவாரத்தை மாற்ற இயலாது. கையால் அமைக்கும் வகையிருப்பின் வேகத்தை 1/1000 ஆக்கி உணர்திறனை அதற்கேற்ப விட்டுவிடலாம். தூரத்திலிருந்து உருவைப் பெருக்கிக் காட்டும் வசதியைக் கையாளாது, அனுமதிக்கப்பட்ட எல்லைவரை நடந்து கிட்டச் செல்லுதல் மேல். அதன் மூடி உண்மையான மூடியுமன்று. உணரியின் வரிசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்படுகின்றன. விரைந்து வீசும் துடுப்பு அதில் வில்போல் வளைந்து தோன்றுவதன் காரணம் இதுவே. 1910களில் பிரான்சியச் சிறுவயதுக் கமராக்காரரான சாக் ஹென்றி லார்த்திக் எடுத்த பந்தயக் காரின் படத்தில் சில்லு நீள்வட்டமாக முன்சாய்ந்தும், பாதையோரத்தில் நின்றோர் எதிர்ப்புறம் சாய்ந்தும் காணப்படுகின்றனர். அவரது கமராவின் மூடியும் ஒரு பிளவாகவே மெல்லக் கடந்து சென்றது. காருடன் கமராவையும் அவர் திருப்பினார்.